அண்ணன் எழுதிய பாலத்து வாக்கியம்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. கெங்கவல்லியில் பிறந்து, பத்து வயதில் தந்தையை இழந்து, உறவினர் வீடுகளில் தங்கிப் படித்தவர். பின்னர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியேறி, மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை.

ஒன்றுபோலத் தோன்றிக் குழப்பும் ஆங்கிலத் தொடர்களைப் பிழையின்றி எழுத அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். ‘ப்ளோ ஓவர்’ என்றால் ஓய்ந்துபோவது. ‘ப்ளோ அப்’ என்றால் வெடிவைத்துத் தகர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஆளையோ இடத்தையோ வைத்து ஒரு வாக்கியம் எழுதுவார். அப்போதுதான் மறக்காது என்பார்.

யுத்த காலத்தில், போராட்டக்காரர்கள் தந்திக் கம்பிகளை அறுத்த ஒரு வாரம், எங்கள் தெருவில் வீடு வீடாகப் போலீஸ் சோதனை நடந்தது. நோட்டைப் புரட்டிய சப் இன்ஸ்பெக்டர் ஒரு வரியில் நின்றார்.

“‘திங்கட்கிழமை மலைப்பாதைப் பாலத்தைத் தகர்ப்போம்.’ யார் எழுதினது?”

“நான்தானுங்க. பாடத்துக்காக எழுதினதுங்க.”

“பாடத்துக்கு வேற பாலம் கிடைக்கலியா?”

நோட்டைக் கொண்டுபோனார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. அண்ணன் ஒரு பையில் இரண்டு வேட்டியும் துண்டும் எடுத்துவைத்தார்.

“சாமி, திங்கக்கெழம தாண்டோணும். பாலத்துல ஒரு கல்லு பேந்தாலும் நான்தான்” என்றார் என்னிடம்.

திங்களன்று விடிந்தது முதல் அண்ணி வாசலில் நின்று மலையேறும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியவை எல்லாம் இறங்கும்வரை உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அண்ணன் பையை எடுத்தார்.

“பை எதுக்குங்க? பேனா இருந்தா எடுத்துக்குங்க.”

சப் இன்ஸ்பெக்டரின் ஆங்கில அறிக்கைகளில் வெள்ளைக்கார மேலதிகாரி ஓயாமல் பிழை கண்டுபிடித்து வந்தாராம். நோட்டில் அண்ணனின் ஆங்கிலத்தைப் பார்த்திருந்த சப் இன்ஸ்பெக்டர், சோதனை அறிக்கையை அவரையே எழுதச் சொன்னார். எங்கள் வீட்டைப் பற்றி, ‘சந்தேகத்துக்குரியது எதுவும் அகப்படவில்லை’ என்று தம் கையால் எழுதிவிட்டு வந்தார். நோட்டு திரும்பவில்லை, கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. அதன்பின் அறிக்கை எழுத ஆள் வரும்போதெல்லாம் அந்தப் பை அவர் கண்ணில் படும் இடத்திலேயே இருந்தது. புதிய நோட்டில் ஆடுகளும் மழையும் தவிர வேறெதையும் எழுதவில்லை.

அண்ணன் நோயுற்றிருந்தபோது மருந்து வாங்கி வந்த அண்டை வீட்டாருக்கும், இரவு பகல் உடனிருந்த உறவினர்க்கும் எங்கள் நன்றி. அதே கான்ஸ்டபிள் இறுதி நாளில் உடுப்போடு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். அவருக்கும் நன்றி உரியது. அவர் வாசலில் நுழைந்தபோது அண்ணி அழுகையை நிறுத்தி என்னிடம் கேட்டார்:

“தம்பி, நோட்டெல்லாம் உள்ள வெச்சுட்டீங்களா?”