பார்க்காமல் விட்ட கடைசிச் சொல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் அம்பத்தூர் வேலையை விட்டுவிட்டு, துருக்கியில் கப்பல் கட்டும் இடத்துக்கு வெல்டராகப் போனார். போவதற்கு முன், பழைய புத்தகக் கடையில் வாங்கிய துருக்கி மொழிப் பாடப் புத்தகத்தைத் திருமுல்லைவாயில் வாடகை வீட்டில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்துதான் படித்தோம்.

"தா பாரு, நம்ம பாஷ மாரியேதான் கீது. பின்னால ஒட்டிகினே போறான்" என்பார்.

எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெர்தெ, வீடுகளில். புத்தகத்தின் பின்னால் இருந்த சொற்பட்டியலில் வெறும் எவ் மட்டும்தான் இருக்கும். மற்றதையெல்லாம் கடைசியிலிருந்து வெங்காயம் மாதிரி நாம்தான் உரித்துக்கொண்டு வரவேண்டும். எனக்குத்தான் அது சீக்கிரம் வந்தது. அவரோ எல்லாம் மனப்பாடம் என்று பீற்றிக்கொண்டு புத்தகத்தை என்னிடமே விட்டுப் போனார்.

வாராவாரம் வந்த கடிதம் ஐந்து வாரமாக வரவில்லை. பிறகு வந்த உறையின் மேல் வேறு யாருடைய கையெழுத்தோ இருந்தது. உள்ளே துருக்கி மொழியில் இரண்டே வரி.

புத்தகத்தை வைத்துக்கொண்டு உரித்தேன். முதல் வரி: உங்கள் கணவர் மருத்துவமனையில். இரண்டாவது வரியில் மெக்துபுனுஸு. உங்கள் கடிதத்தை. அப்புறம் ஒரே ஒரு சொல். அங்கேயும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். என் கடிதத்தைப் பார்க்காமலே போய்விட்டார் என்று இருந்தால்? புத்தகத்தை மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். பல்லியைக் கையால் பிடித்து எறிகிறவள் நான். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"இன்னாம்மே, கடுதாசி வந்துச்சாமே? எப்டி கீறாராம்?"

"நல்லா இருக்காராம்" என்று வாய் தானாகச் சொன்னது.

"பதில் போட்டியா?"

குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். புத்தகத்தை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். பெக்லியோர். காத்திருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அன்றைய தபால் எடுப்பதற்குள் எழுதிப் போட்டேன்.

வேலையில் அடிபட்ட வலது கையில் கட்டோடு அவர் திரும்பி வந்தார். எழுத முடியாமல்தான் அங்கே ஒருவரை எழுதச் சொன்னாராம். "உன் காய்தம் வர்ற வரிக்கும் டெய்லி வாசலையே பாத்துகினு கெடந்தேன்" என்றார். அந்த மூன்று நாளைப் பற்றி இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.