சாப்பாடு முடியட்டும்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாக்யலட்சுமியின் சிக்கனம் பேர்போனது. ஒரு பண்டிகைச் சமையலை மூன்று நாளைக்கு இழுத்துவிடுவாள். முதல் நாள் இட்லியும் குழம்பும். மறுநாள் மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா. குழம்பில் கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் விழும். மூன்றாம் நாள் சட்டியடியில் சுண்டிக் கிடப்பதில் சோற்றைப் போட்டுப் பிரட்டினால் தீர்ந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. காலையும் மாலையும் கொதிக்கவைத்தே காப்பாற்றுவாள். கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுரங்கம் மூடிய பிறகு அந்தக் கஞ்சத்தனம்தான் மகன் மனோகரைப் படிக்கவைத்தது.

இந்தத் தீபாவளிக்குப் போட்ட திட்டம் கொஞ்சம் பெரியது. மனோகர் குடும்பத்தோடு வருகிறான். பெங்களூரில் வேலை போனதிலிருந்து இரண்டு வருஷமாக அவன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வெறுங்கையோடு வர வெட்கம். போனில் பேத்தி ஸ்வப்னா, "பாட்டி, கறி செய்வியா?" என்று கேட்டபோதே பாக்யலட்சுமி முடிவு செய்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் கறியைக் கண்ணால் பார்த்து எத்தனை மாசமோ. தனிக்கறி வாங்கக் கட்டுப்படியாகாது என்று ராபர்ட்சன்பேட்டை கசாப்புக் கடையில் ஆட்டுத் தலையும் காலும் குடலும் சொல்லிவைத்தாள். குடலைக் கழுவி எடுப்பதற்குள் இடுப்பொடிந்துவிடும். ஆனால் விலை குறைவு, குழம்பு தெருவே மணக்கும்.

குழம்பை இறக்கிவைத்துவிட்டு உள்ளறைக்குப் போனபோது அவள் புருஷன் முனிரத்தினம் போய்ச் சேர்ந்திருந்தார். சுரங்க ஷாஃப்ட்டுக்குள் இருபது வருஷம் விழுங்கிய தூசு. டாக்டர்கள் எப்போதோ கைவிரித்துவிட்டார்கள். தெரிந்த சாவுதான். ஆனாலும் இன்றைக்கா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கத்த வாயெடுத்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஒரு சத்தம் போதும், லைன் மொத்தமும் உள்ளே வந்துவிடும். சாவு விழுந்த வீட்டில் சமைத்து வைத்தது ஆகாது. பிணம் எடுக்கிறவரை அடுப்பும் எரியக் கூடாது. அத்தனையையும் சாக்கடையில்தான் கொட்டவேண்டும். எத்தனையோ வீடுகளில் அவளே முன்னின்று கொட்டியிருக்கிறாள். ரயில் வரும் நேரம். பிள்ளைகள் பசியோடு வரும்.

அவர் கண்களை மூடிவிட்டாள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து முகம் கழுவினாள், குங்குமம் வைத்தாள். அது கோணிக்கொண்டது. இதை நெஞ்சழுத்தம் என்பவர்கள், பெற்ற பிள்ளை பட்டினி கிடப்பதைப் போனில் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

"அப்பா எங்கம்மா?" மனோகர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"இப்பதான் மாத்திர போட்டுக்கினு கண்ணசந்தாரு. எழுப்பாத. மொதல்ல சாப்டுங்க."

"மாமாவும் எழுந்துக்கட்டும் அத்தே, ஒண்ணா உக்காரலாம்" என்றாள் மருமகள் மமதா.

"ஆறிப்போவும்மா. கொயந்தைங்க பசியோட கீதுங்க."

ஸ்வப்னாவும் தங்கையும் அள்ளி அள்ளித் தின்றார்கள். சின்னவள் எலும்பை உறிஞ்சி உறிஞ்சி, ஒன்றும் வராதபோதும் கீழே வைக்கவில்லை. மனோகர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். "இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?" என்று அவள் கேட்க, வேண்டாம் என்று சொல்லவும் அவனால் முடியவில்லை. பாக்யலட்சுமிக்கு மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

மிஞ்சிய குழம்பையும் இட்லியையும் இரண்டு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு எலைனிடம் ஓடினாள். வேறு வீட்டில் இருப்பதற்குத் தீட்டு கிடையாது. நாளைக்கும் பிள்ளைகளுக்கு ஆகும்.

"இத்த உங்க வூட்ல வையி எலைன்."

"இன்னாத்துக்கு பாக்யா? உங்க வூட்ல எடமில்லியா?"

"அப்பறம் சொல்றேன்."

திரும்பி வந்தபோது உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மனோகர் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவை சில்லிட்டு விறைத்திருந்தன.

"எப்போம்மா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி."

அவன் அவளைப் பார்த்த பார்வையை அதுவரை அவள் யாரிடமும் கண்டதில்லை. எழுந்து பின்பக்கம் போனான். தொண்டைக்குள் விரலை விட்டு, தின்றது அத்தனையையும் சாக்கடையில் கக்கினான். வாயில் எண்ணெய்ப் பிசுக்கோடு பிள்ளைகள் இரண்டும் கதவோரம் நின்று பார்த்தன. பாக்யலட்சுமி ஒரு செம்புத் தண்ணீரை அவன் பக்கத்தில் வைத்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு அவன் கேட்டான்: "அவரு எதுனா சாப்ட்டாரா?"

"இல்லடா. நீ வந்தா ஒண்ணா சாப்டலாம்னு காலைலர்ந்து காப்பிகூட வேணான்ட்டாரு."

சாப்பிட்டார் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. வாசற்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, லைன் முழுக்கக் கேட்கும்படி அழத் தொடங்கினாள்.