இரண்டு குப்பிகள்

காலை பத்து மணி இருபது நிமிடம். விளக்கணைத்த அறையில் நான் முதலில் பார்த்தது, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அடியில் வட்டமாக ஒளிர்ந்த பச்சைத் திரை. அதில் தெரிந்தது என் அக்கா மகளின் கல்லீரலில் ஒரு செல். குழந்தை இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அக்கா பாகூரிலிருந்து ஸ்கூட்டரில் நகரத்துக்கு வந்து அந்த ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். செல்லுக்குள் வைரஸ் எப்படி உருவாகிறது என்று படமெடுப்பது அங்கே வேலை. பிசினில் இறுகிய திசுவை வைரக்கத்தியால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, செப்புச் சல்லடையில் அள்ளுவாள். உடலைவிட்டு வந்த திசு சில நிமிடங்களில் கெடத் தொடங்கும்; கெடாமல் அப்படியே நிறுத்திவைக்க ஒரு மருந்து உண்டு. அதனால் புதிதாகச் சேருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வாள்: “கைக்கு வந்தா மொதல்ல மருந்துல போடுபா. யோசிக்கறதெல்லாம் அப்புறம்.” பத்திரிகை நிருபனான எனக்கும் அதிலேயே ஒரு குத்து உண்டு: “நீ இன்னாடா, யோசிக்காமலே அச்சுல போட்டுடற.”

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் காலையில் மகள் இறந்தாள். ஏழு வயது. “இன்னா வந்து எம்பொண்ண கொண்டுபோச்சுன்னு எனக்குத் தெரியணும் சார்” என்று அக்கா மருத்துவரிடம் கேட்டாள். அவர் ஊசியால் எடுத்த திசுவைப் பிரித்து, இரண்டு குப்பிகளில் அவள் கையிலேயே கொடுத்தார். ஒன்று படமெடுக்க. மற்றதை மருந்து படாமல் ஐஸில் வைத்து, கிருமியை வளர்த்துப் பெயர் கண்டுபிடிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அக்கா தலையாட்டினாள்.

ஆய்வகத்தில் இரண்டு குப்பியிலும் மருந்தை ஊற்றினாள். மருந்து பட்டால் கிருமி செத்துவிடும், வளராது. பதினாறு வருடம் பழகிய கை, பழகியபடியே செய்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை. இரண்டாவது மூடியைத் திருகும்போதுதான், “டேய், இன்னாடா செஞ்சிட்டேன்” என்றாள்.

பிணவறை வாசலில் இருந்த தன் கணவருக்கு, என் மாமாவுக்கு, போன் செய்தாள், இன்னொரு முறை எடுக்கச் சொல்லி. “போதும், வுட்டுடு. எத்தினி தடவதான் குத்துவாங்க அவள” என்றார் மாமா. அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்தது.

திரையில், செல்லின் உட்கருவுக்குள் வைரஸ்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன, லாரியில் ஏற்றிய கரும்பின் வெட்டுமுனைகள் போல. சில உள்ளே கருமையாக நிரம்பியவை. சில இன்னும் நிரம்பாத வெறுங்கூடு. உருவாகிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனவை. இவ்வளவு தெளிவான படம் அந்த ஆய்வகத்தில் வந்ததில்லை என்று அவளுடைய அதிகாரி பிறகு என்னிடம் சொன்னார், குரலைத் தாழ்த்தி.

அக்கா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “வைரஸ்ல இன்னா குடும்பம்னு தெரியுதுடா. அதுல எத்தினியோ இருக்கு. எல்லாம் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். எதுன்னு இதுல தெரியாது.”

இப்போது அங்கே மாதிரிகளை வாங்கி மருந்தில் போடுவது வேறொருவர். அக்கா சீவுவதோடு சரி. போன மாதம் இறப்புச் சான்றிதழின் நகல் வாங்க கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நான்தான் போனேன். காரணம் என்ற கட்டத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறது.