தேர்ச்சி மதிப்பெண் இல்லாத பாடம்

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு முதல் நாள் வகுப்பில் போய் நின்றவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் சும்மா விடுமா? பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். படித்த படிப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீராய்ப் போயிற்றே என்று சொந்தபந்தம் மொத்தமும் உச்சுக் கொட்டியது. உச்சுக் கொட்ட என்ன செலவு, வாய் ஒன்று இருந்தால் போதும்.

உச்சுக் கொட்டாத ஒரே ஆள் அத்தான். அக்காவின் கணவர், சின்னதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். பெற்றவர்கள் போனபின் அக்கா வீட்டோடு வந்துவிட்ட மைத்துனியை ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்க்காதவர். அவரிடம் கார் பழக வந்த ஒரு மேலாளர், தங்கள் கிடங்கு நிறுவனத்தில் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே பாடம் வைக்கப்போவதாகவும், அதைத் தயாரிக்க ஆள் கிடைக்கவில்லை என்றும் வளைவுக்கு வளைவு புலம்பிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அத்தான் அன்று மதியமே வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

“எதிர்ல ஆள் நின்னாத்தானே உனக்குப் பேச்சு வராது? இதுல எதிர்ல ஆளே கிடையாது. போய்ப் பாரு.”

போனாள். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்குக் ‘கோர்ஸ்காரி’ என்று பெயர் வைத்தவரும் அத்தான்தான். நன்றி சொல்லப் போனால் மட்டும் மனிதர் பிடிகொடுக்க மாட்டார். “சரி சரி, சாப்டியா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஏணியில் எப்படி ஏறுவது, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, கனத்த பெட்டியை முதுகு பிடிக்காமல் எப்படித் தூக்குவது: இவைதான் அவள் செய்த பாடங்கள். மென்பொருளைத் திறந்து வெள்ளைப் பக்கத்தில் கிடங்கின் படத்தைப் போடுவாள். படத்தில் தீயணைப்புக் கருவியைத் தொட்டால் அது பெரிதாகி விளக்கம் பேச வேண்டும். இதைத் தொட்டால் அது நடக்கட்டும் என்று சொல்லிவைப்பதற்கு அந்தத் தொழிலில் டிரிக்கர் என்று பெயர். குரல் அவளுடையதே. மைக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தால் அவளுக்கு அருவி மாதிரிப் பேச்சு கொட்டும்.

பாடம் படிக்கிற ஆட்கள் லேசுப்பட்டவர்களா என்ன! சரியான விடையை மட்டும் அவள் பார்த்துப் பார்த்து நீளமாக எழுதுகிறாள் என்று ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிட்டார்கள். கேள்வியையே படிக்காமல் நீளமானதை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். நீ தடுக்கில் நுழைந்தால் நான் கோலத்தில் நுழைகிறேன் என்று அவளும் இறங்கினாள். குரல் பேசி முடிக்கும்வரை ‘அடுத்து’ பொத்தானுக்குப் பூட்டு. தப்பு விடைக்குச் சிவப்புப் பெருக்கல் குறியும் ஒரு கரகரப்பான ஒலியும். மூன்று தப்பு செய்தால் திரும்ப முதல் பக்கம். இதையெல்லாம் ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொண்டாள். புதுப் பாடம் எதுவானாலும் அந்த டெம்ப்ளேட்டின் மேல்தான் கட்டுவாள். அதில் பாதி வேலை மிச்சம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அத்தானின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. பக்கவாதம். உயிர் தப்பியது பெரிய விஷயம் என்றார் டாக்டர். சில வாரங்களில் கைத்தடியோடு நடக்கவும் ஆரம்பித்தார். பேச்சுதான் வரவில்லை. எல்லாம் புரிகிறது, பதிலும் உள்ளே இருக்கிறது, வார்த்தை மட்டும் வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள்.

“முதல் சில மாசம்தாங்க முக்கியம். தினமும் முயற்சி பண்ணணும். சலிச்சுப்போய் விட்டுட்டார்னா அப்புறம் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம்” என்றாள்.

கோர்ஸ்காரிக்கு இதைக் கேட்டதும் கை பரபரத்தது. தன்னிடம் இருக்கிற வித்தை ஒன்றே ஒன்று. அது அத்தான் போட்ட பிச்சை. அதை அவருக்கு இல்லாமல் வேறு யாருக்குச் செய்வது? வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். தண்ணீர், துண்டு, மாத்திரை, கட்டில், கழிப்பறைக் கதவு. பெயரைக் கேட்டுப் படத்தைத் தொட வேண்டும், பிறகு பெயரைச் சொல்லிப் பழக வேண்டும். டேப்லெட்டில் ஏற்றி, புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பவள் போல அவர் மடியில் வைத்தாள்.

“தண்ணீர் எது?” என்று கேட்டது அவள் குரல்.

அத்தானின் விரல் நடுங்கித் துண்டின் மேல் விழுந்தது. சிவப்புப் பெருக்கல் குறி. கரகர ஒலி. மறுபடி தொட்டார், மறுபடி துண்டு. மூன்றாவது முறை கட்டில். அவ்வளவுதான், டேப்லெட் பளிச்சென்று பேசியது: “நீங்கள் தேர்ச்சி பெறவில்லை. பாடத்தை முதலிலிருந்து படிக்கவும்.”

பாவி, டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். பூட்டும், சிவப்புக் குறியும், அந்த அறிவிப்பும் கூடவே வந்துவிட்டன. ஏணியில் ஏறுகிறவனுக்குச் சொல்ல வேண்டியதை, ஏற முடியாமல் கிடக்கிற மனிதரிடம், அதுவும் தன் குரலிலேயே சொல்லிவிட்டாள். அத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை. டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு பயிற்சிப் பெண் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று ஆகிவிட்டது. கோர்ஸ்காரிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பேச ஒரு இடம் தேடிக் கொடுத்தவர், அவர் பேச்சை நான் அடைத்துவிட்டேனே என்று அக்காவிடம் சொல்லி அழுதாள். சிவப்புக் குறியை எடுத்தாள். ஒலியை எடுத்தாள். மதிப்பெண்ணை எடுத்தாள். எந்தப் பக்கத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டாள். தப்பாகத் தொட்டால் அந்தப் பொருள் தன் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்லும், வேறு ஒன்றும் நடக்காது. என்ன செய்து என்ன, அத்தான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கடைசியில் அக்காதான் போட்டு உடைத்தாள்.

“ஏண்டி, மாத்திரை, கட்டில், கக்கூஸ்னு போட்டுக் குடுத்தா மனுஷனுக்கு எப்படிடீ பேசணும்னு தோணும்? அதெல்லாம் நோயாளி சாமான். அவரு நோயாளியாவா பொறந்தாரு?”

சுருக்கென்று தைத்தது. மறுநாள் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்தாள், பயிற்சி கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற அந்தக் காரை. முன்கண்ணாடியும் உள்ளே இருக்கிற கண்ணாடியும் தெரிகிற மாதிரி போனைப் பொருத்திக்கொண்டு ஊரைச் சுற்றினாள். வீடியோவை மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் அதுவாக நிற்கும்படி செய்யலாம். நின்ற படத்தில் கண்ணாடியையோ கியரையோ தொட்டால் அது பெயர் சொல்லும், பிறகு வண்டி நகரும். நேரக்கணக்கு கிடையாது, பார்ப்பவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருக்கும்.

எல்லாம் சரி, ஓட்டியவள் யார்? லைசென்ஸ் வாங்கிக் கொடுப்பதற்குள் அத்தானுக்கே நுரை தள்ளிய ஆள். போகிற வழியெல்லாம் வண்டியை அணையவிட்டாள். ஒரு முனையில் கண்ணாடியைப் பார்க்காமலே இடது பக்கம் ஒடித்தாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டான். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கூடத்து மேஜை முன்னால் உட்கார்ந்து வீடியோவை டேப்லெட்டில் ஓடவிட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் நன்றாக இருப்பது டேப்லெட்டில் பல்லிளிக்கும். எதில் பார்க்கப்போகிறார்களோ அதிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அத்தான் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் திரும்பினார். அவள் கவனிக்கவில்லை. வண்டி முனையை நெருங்கியது.

“கண்ணாடி.”

அவள் விரல் அப்படியே நின்றது.

“கண்ணாடிய... பாரு. கண்ணாடிய பாரு.”

பின்னால் வந்து நின்றிருந்தார் அத்தான். முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷம் எத்தனை பேர் காதில் ஓதிய வாக்கியம், அவரைக் கேட்காமலே வெளியே வந்து விழுந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

வெட்டி எறிய நினைத்த துண்டைக் கோர்ஸ்காரி வெட்டவில்லை. அதன் பிறகு அவள் செய்த பாடம் முழுக்க அவளுடைய தப்பு ஓட்டல்தான். இண்டிகேட்டர் போடாமல் திரும்புவது, மேட்டில் வண்டியை அணையவிடுவது, பக்கத்து வண்டியை உரசப் பார்ப்பது. தப்பு நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வீடியோ நின்று காத்திருக்கும். அத்தான் சொல்லுவார், திட்டுவார், சில நாள் மேஜையைத் தட்டுவார். தப்புக் கண்டுபிடிக்கிற வேலை இப்போது அவருடையது. அலுவலகத் தோழி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “தப்பா ஓட்டிக் காட்ட உனக்கு ரிகர்சலே வேண்டாமேடி” என்றாள். உண்மைதானே, கோர்ஸ்காரியும் சிரித்தாள். அலுவலகப் பாடங்களிலும் அந்தப் பூட்டையும் சிவப்புக் குறியையும் எடுத்துவிட்டு, ஏன் தப்பு என்று ஒரு வரி சொல்லும்படி மாற்றினாள்.

பயிற்சிப் பெண்ணுக்கு ஏக சந்தோஷம். ஆனாலும் ஒன்று சொன்னாள்.

“இதெல்லாம் பழகின வார்த்தைங்க, வாய்ப்பாடு மாதிரி தானா வருது. அவரா ஒண்ணு நினைச்சு, அவரா கோத்துச் சொல்லணும். அது வந்துட்டா பயமில்ல.”

அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். துண்டு துண்டாக வார்த்தைகள் கூடின. தண்ணீர் என்றார், அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கோத்த வாக்கியம் மட்டும் வரவில்லை.

வெளியே போய்வரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு மாலை கோர்ஸ்காரி அவரைக் காரில் கூட்டிப்போனாள். பக்கத்து இருக்கையில் அத்தான், பின்னால் அக்கா. மேட்டில் வண்டி அணைந்தது. முனையில் ஒரு சைக்கிள்காரர் பயந்து இறங்கி நின்றுவிட்டார். அத்தானின் கால் இரண்டு தடவை அவர் பக்கத்துப் பிரேக்கைத் தேடி மிதித்தது. வாயை மட்டும் திறக்கவில்லை. வீட்டு வாசலில் கோணலாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, திட்டு விழும் என்று கோர்ஸ்காரி உட்கார்ந்திருந்தாள். வியர்த்துப்போயிருந்தது.

அத்தான் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

“நீ... இப்ப... நல்லா ஓட்ற.”

பின்னால் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவது கேட்டது. அழுகையினூடே அவள் சொன்னாள்:

“பொய் சொல்ற அளவுக்குப் பேச்சு வந்துடுச்சு. இனி எனக்குப் பயமில்லடி.”