பதினோரு பேர் என்று மட்டும் காட்டியது

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்காக மாமாவுக்கு ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் போடியில் ஆட்கள் ஏறியதும் ஓட்டுநர் பெயர்ப் பட்டியலை அனுப்புவார்; அது மாமாவின் போனில் தெரியும். கை சும்மா இருக்காதே எனக்கு. பெயரோடு போன் நம்பரும் சேர்த்து ‘ஆள்’ என்று ஒரு புது வகையாக மாற்றினேன்.

வரும் பட்டியலை ‘ஆட்களின் பட்டியல்’ என்று எடுத்துக்கொள்ளும் வரியில், எழுதிய நிரலைச் சோதிக்கும் கம்பைலர் மஞ்சள் கோடு போட்டது. பட்டியல்தான், ஆனால் உள்ளே இருப்பது ஆட்கள்தானா என்று சரிபார்க்க முடியாது என்றது. நான் எழுதியது, எனக்குத் தெரியாதா? எச்சரிக்காதே என்று மேலே ஒரு வரி போட்டு அதன் வாயை அடைத்தேன். ஓட்டுநர்கள் மூவரும் இன்னும் பழைய செயலியிலிருந்து வெறும் பெயர்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

புதியதை மாமாவின் போனில் ஏற்றிய முதல் நாள் அவர் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தார். இரண்டாம் நாள் மதியம் போடிமெட்டு சாலையில் மண் சரிந்தது. மூன்று ஜீப்புகளில் ஒன்று சரிவில் மாட்டிக்கொண்டது, மற்ற இரண்டும் மேலேயே நிற்கின்றன என்று தகவல் வந்தது. மேலே யாருக்கும் சிக்னல் இல்லை. என் அம்மாவும் அன்று காய் எடுக்கப் போயிருந்தாள், எந்த ஜீப்பில் என்று தெரியாது.

“ஆத்தா, மாட்டுன ஜீப்புல யாரு யாருன்னு வெரசா பாரு. சனம் வந்து நிக்குது,” என்று தன் போனை என்னிடம் நீட்டினார் மாமா.

பதினோரு பேர் என்று வந்தது. பெயர்களைத் திறந்தால் செயலி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. தலைகளை எண்ண, உள்ளே எது இருந்தாலும் போதும். பெயரைக் கேட்கும்போதுதான் அது ‘ஆள்’ இல்லை என்று குட்டு உடைந்தது. மடிக்கணினியைப் போடி ஸ்டாண்டில் நின்ற வேறு யாருடைய ஜீப்பின் பானெட்டிலோ வைத்து, ஒவ்வொன்றையும் ஆளா, வெறும் பெயரா என்று பார்த்துப் பிரிக்கும்படி எழுதினேன். ஆறே வரிதான். அவசரத்தில் நான்கு முறை தப்பாக அடித்தேன்.

அந்தப் பதினோரு பேரும் சாயங்காலம் சேறும் சகதியுமாக நடந்தே இறங்கி வந்துவிட்டார்கள். ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியாது. பட்டியல் திறந்தது. மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அம்மா பெயர் இல்லை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

எதிரே நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்தாள்.

“அப்ப எங்க வீட்டுக்காரரு அதுல இல்லையா தாயி?” என்று கேட்டு, அவர் பெயரைச் சொன்னாள்.

அது பட்டியலில் இரண்டாவதாக இருந்தது.