புட்டுப் பலகை

அவசரப்படுத்துகிறவருக்கும் திட்டு, ஆறப்போடுகிறவருக்கும் திட்டு. இரண்டையும் ஒரே சம்பளத்தில் வாங்கிக்கொள்வதுதான் என் தொழில்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியில் வேலை செய்கிறேன். கால்பந்து என்றதும் காலால் உதைப்பதை நினைத்துவிடாதீர்கள். இது தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மோதுகிற ஆட்டம். ஒரு அணிக்குள் இரண்டு அணி இருக்கும். பந்து நம்மிடம் இருந்தால் தாக்குகிறவர்கள் களத்தில், தடுக்கிறவர்கள் ஓரத்து வாங்கில், அதாவது பெஞ்சில். பந்து கைமாறினால் இவர்கள் உட்கார, அவர்கள் எழும்ப வேண்டும். ஒரு மோதல் முடிந்து அடுத்ததைத் தொடங்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். கூடி நின்று பேசி அந்த நேரம் முழுவதையும் தின்றுவிட்டு ஆடலாம். பேச்சே இல்லாமல் உடனே வரிசையில் நின்று, எதிராளி மூச்சு விடுமுன்பும் ஆடலாம். எப்போது எந்த வேகம் என்று மேலே கண்ணாடி அறையில் இருந்து யோசனை சொல்வது என் வேலை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததல்ல.

கடையில் ஒரு விளக்கம்

செல்வன் அண்ணையின் தமிழ்க் கடைக்கு நான் பல வருடத்து வாடிக்கை. நான் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அணியின் சின்னம் போட்ட சட்டையோடு முருங்கைக்காய் வாங்கப் போய் மாட்டிக்கொண்டேன். தராசை அப்படியே விட்டுவிட்டு, விளையாட்டுக்காரர்களுக்கு நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள். இந்த ஆட்டத்தில் வேகம் என்றால் என்ன, அதை ஏன் கூட்ட வேண்டும், ஏன் குறைக்க வேண்டும் என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன்.

அண்ணை பொறுமையாகக் கேட்டார். முருங்கைக்காயைப் பையில் போட்டு நீட்டியபடி சொன்னார்: “அப்ப, கெதியா ஓடுங்கோ, ஆறுதலா ஓடுங்கோ எண்டு சொல்லுறதுதான் உங்கட வேலையோ தங்கச்சி? எங்கட வீட்டில மனுசி அதைச் சும்மாவே செய்யிறா.”

இடியப்பம் என்றால் ஓடு

எங்கள் கோச் ரஸ்ஸல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். வேகம்தான் அவருடைய வேதம். நிர்வாகமும் அதை நம்பித்தான் அவரைக் கூட்டிவந்தது; ‘ஜெர்மனியின் அதிவேக அணி’ என்று டிராம் நிறுத்தங்களில் எல்லாம் சுவரொட்டி. ஆனால் இங்கே ரசிகர்கள் காலால் உதைக்கும் பந்தாட்டத்தில் வளர்ந்தவர்கள். மேளமும் பாட்டும் ஓயாது. இந்த ஆட்டத்திலோ நம் ஆட்கள் தாக்கும்போது நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் களத்தில் கட்டளை காதில் விழாது. ஒலிபெருக்கியில் தயவாகக் கேட்டுப் பார்த்தோம். நன்றி சொல்வதுபோல இன்னும் பலமாகப் பாடினார்கள்.

அதனால் ஓரத்தில் படப் பலகை தூக்கிக் காட்டினோம். வேகத்துக்கு ராக்கெட், மெதுவுக்கு ஆமை என்று போட்ட புத்திசாலி யார் என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு நான் வேகத்துக்கு இடியப்பமும் மெதுவுக்குப் புட்டும் போட்டேன். எதிரணி திருதிருவென்று விழித்தது. ருசிகூட அறியாமல் படத்தைத் தூக்கச் சொல்கிறாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச்சை வீட்டுக்கு அழைத்து, சொதியோடு பரிமாறினேன். இடியப்பத்தைக் கையால் பிய்த்து, மீன் முள்ளைத் தேடுகிறவர்போல ஒவ்வொரு இழையாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “இதை வேகத்துக்கு வைத்தது தப்பு. நான் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் சாப்பிட்டதில்லை.”

பந்து யார் கையில்

நாம் எவ்வளவு விரைந்தாலும், நடுவர் பந்தைத் தரையில் வைத்து விலகும்வரை தொடங்க முடியாது. அடிக்கடி எங்களுக்கு வாய்த்த நடுவர் ஒருவர், கிழமை நாட்களில் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பந்தை எடுப்பார், துடைப்பார், இரண்டு பக்கமும் பார்ப்பார், வைப்பார். கோச் ஓரத்தில் நின்று குதிப்பார். கடைசியில், உனக்கு ஜெர்மன் நன்றாக வரும் என்று ஆட்டத்துக்கு முன் என்னைத் தூது அனுப்பினார்.

நடுவர் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முறை இப்படி, கொஞ்சம் விரைவாக வைத்தால் உதவியாக இருக்கும் என்றேன். நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “உங்கள் அவசரம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் பந்து என் கையில் இருக்கிறது.”

வாங்கில் இருந்தவன்

இதுவரை சிரித்தீர்கள் என்றால் சந்தோஷம். இனிச் சொல்லப்போவதற்கு எனக்கே சிரிப்பு வராது.

யோனாஸ் எங்கள் தடுப்பு அணியின் தலைவன். வெளிநாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் உள்ளூர்ப் பையன்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்தான். வேகமான தாக்குதல் வெற்றி பெற்றால் திருவிழா. சறுக்கினால், பந்து கண்மூடித் திறப்பதற்குள் எதிரணிக்குப் போய்விடும். இப்போதுதான் வந்து உட்கார்ந்த தடுப்பு அணி மறுபடி எழும்ப வேண்டும். வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறு நாங்கள் அப்படிச் சறுக்கிக்கொண்டே இருந்தோம். யோனாஸ் தண்ணீர்ப் போத்தலை வாய்க்குக் கொண்டுபோவான், உடனே கூப்பிடுவார்கள், வைத்துவிட்டு ஓடுவான். ஒருமுறை அப்படி எழும்பியவன் களத்துக்குப் போகிற வழியிலேயே முகங்குப்புற விழுந்தான். மேலிருந்து எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அவன் அசையவில்லை. ரசிகர்களின் மேளம் நின்றது.

உடம்பு கொதித்துச் சிறுநீரகம்வரை பாதித்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். தேறியபின் ஆடலாம், ஆனால் நடுவில் உட்கார்ந்து, குடித்து, உடம்பு ஆறியே தீரவேண்டும்; இன்னொருமுறை இப்படி விழுந்தால் எழும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப்பழத்தோடு போயிருந்தேன். யோனாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “தாக்குகிறவர்கள் களத்தில் நிற்கும் நேரம்தான் எனக்கு ஓய்வு. அதைக் கொஞ்சம் நீட்டித் தாருங்கள்.”

கோச்சிடம் போனேன்

கடைசி ஆட்டத்தை வென்றால்தான் அடுத்த சுற்று. அடுத்த சுற்றுக்குப் போனால்தான் கோச்சுக்கு அடுத்த வருட ஒப்பந்தம். தேறிவந்த யோனாஸ் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுக்கு ஈடாக இறக்க ஆளும் இல்லை. அப்படியானால் வேகத்தைக் குறையுங்கள் என்று கோச்சிடம் கேட்டேன். மெதுவாக ஆடினால் நம் புள்ளிகள் குறையும் என்று அவர் சொன்னதும் உண்மைதான், என் கணக்கும் அதையே சொன்னது. கணக்கை விடுங்கள், அவன் விழுந்ததை நீங்களும் பார்த்தீர்கள் என்று குரலை உயர்த்தினேன். அவரிடம் நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். “மெதுவாக ஆடுவதற்காக யாரும் எனக்கு விமான டிக்கெட் வாங்கித் தரவில்லை” என்றார்.

கடைசி ஆட்டம்

அன்றும் அதே வெயில். முதல் பாதி முழுக்க இடியப்பம்தான். முன்னணியில் இருந்தோம், மேளம் காதைப் பிளந்தது. இரண்டாம் பாதியில் எதிரணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டு எங்கள் தடுப்பு அணியை அரைத்து எடுத்தது. ஒருவழியாகப் பந்து எங்களிடம் வந்தபோது தொலைநோக்கியில் வாங்கைப் பார்த்தேன். யோனாஸின் தலையில் ஈரத் துவாய். கையில் போத்தல். மூடியைத் திருகப் பார்க்கிறான், விரல் பிடிகொடுக்கவில்லை. காதுக் கருவியில் கோச்சுக்கு ஒரே சொல் சொன்னேன்: புட்டு. தாக்குதல் கோச்சுகள் எப்போதும் களத்தைத்தான் பார்ப்பார்கள். ரஸ்ஸல் முதன்முறையாகத் திரும்பி வாங்கைப் பார்த்தார். பலகை தூக்குகிற ஆளை விலக்கிவிட்டு, தானே புட்டை எடுத்துத் தலைக்குமேல் பிடித்தார்.

எங்கள் ஆட்கள் கூடிநின்று நேரத்தைத் தின்றார்கள். ‘அதிவேக அணி’க்குக் காசு கொடுத்து வந்தவர்கள் ஊளையிட்டார்கள். நான் அழைத்திருந்த செல்வன் அண்ணை மட்டும் புட்டைக் கண்டு எழுந்து கைதட்டியதாகப் பிறகு சொன்னார். ஒவ்வொரு மோதலுக்கு முன்னும் கோச் கேட்டார், யோனாஸ் என்ன செய்கிறான்? நான் பார்த்துச் சொன்னேன், மறுபடி புட்டு ஏறியது. எதிரணி கடைசியில் எங்களை முந்தியது. திருப்பி அடிக்க மிச்சமிருந்த நேரம் போதவில்லை. நாங்கள் தின்று தீர்த்த நேரம் அது. விசில் ஊதியதும் கருவியைக் கழற்றாமல் திட்டுக்காகக் காத்திருந்தேன். கோச்சின் குரல் வந்தது: “யோனாஸ் தண்ணீர் குடித்துவிட்டானா?”

திங்கட்கிழமை

கோச்சின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர் அறையில் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். புட்டுப் பலகையைத் தனக்குத் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டார். அதை எடுத்துவந்து பெட்டியில் வைத்தேன். அப்போது யோனாஸ் காலை வேலை முடிந்து, தாதிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றான். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “இன்று காலை இல்லத்தில் எட்டுப் பேரைக் குளிப்பாட்டினேன், கோச்.”

வேகத்துக்குச் சம்பளம் வாங்கும் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, ஓர் ஆட்டத்தைத் தோற்கும் அளவுக்கு மெதுவாக்கியதுதான்.