இலை முளைத்த இரண்டு விரல்கள்

திங்கட்கிழமை காலை, கிளென் வேவர்லி ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் யோகண்ணையின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்." நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

நாங்கள் குடியேறிய டார்னெய்ட்டில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் எல்லோரையும் சிரிக்க வைக்கும் பகிடிக்காரர். எனக்கு அவர் ஒரே பட்டறையில் கூட வேலை செய்தவர். இருவரும் குசினிச் சமையல் மேடைகளுக்குக் கல் வெட்டினோம். ஒருமுறை, முந்நூறு வருடத்துக்கு முந்திய, பரோக் காலத்து இத்தாலியப் பளிங்குச் சிலையொன்று துப்புரவாக்க வந்தது. துரத்தி வரும் தேவனிடமிருந்து தப்ப, ஓடும்போதே மரமாகிப்போகும் கிரேக்கப் புராணப் பெண். கால்விரல்கள் வேராகின்றன; கைவிரல் நுனிகளில் இலை முளைக்கிறது. யோகண்ணை பகல் சாப்பாட்டை அதன் முன்னால் இருந்துதான் சாப்பிடுவார்.

"கல்லு பாரமெண்டு ஆர் சொன்னது? இவள் ஓடுறாளடா!" என்பார். லேசில் யாரையும் புகழாத மனிதர், பெயர் தெரியாத அந்தச் சிற்பியை வாயாரப் புகழ்ந்தார்.

ஒரு நாள் அவர் தேநீர் குடிக்கப் போனபோது, அந்தப் பெண்ணின் இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கல் துண்டைக் கண்டேன். மேடைக் கல்லில் துருத்திக்கொண்டு எது நின்றாலும் எங்களுக்கு ஏச்சு விழும். செதுக்க மறந்த மிச்சம் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். மெல்லிய விரல்கள் ஒடியாமலிருக்கச் சிற்பியே விட்டுவைத்த தாங்கு அது. இரண்டு விரல்களும் இலைகளோடு விழுந்தன.

படகில் வந்த எனக்கு அப்போது தற்காலிக விசா. அந்த மாதம்தான் அகதி விசாரணை. வேலை போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் யோகண்ணையிடம் மட்டும் ஓடிப்போய்ச் சொன்னேன். யார் உடைத்தது என்று முதலாளி கேட்டதும், யோகண்ணை முன்னே போய் "நான்தான்" என்றார். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் நின்று அழுதேன். "எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கு. உனக்கு என்னடா இருக்கு? பேசாமல் போய் வேலையைப் பார்," என்று ஏசினார். அதன்பின் ஒரு சரக்குக் கிடங்கில்தான் அவர் காலம் போனது. கல் வேலை மறுபடி கிடைக்கவேயில்லை. எனக்கு விசா கிடைத்தது.

இறுதிச் சடங்கில் அவர் மகள் பேசினாள்: "அப்பா சரியான அவசரக்காரர். பெரிய சிலையொண்டை உடைச்சு வேலையை விட்டவர்." எல்லோரும் கண்ணீரோடு சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

பிள்ளை, அதை உடைத்தது உன் அப்பா இல்லை, நான். இந்த நாட்டில் எனக்கென்று இருக்கும் வீடும் பிள்ளைகளும் அவர் சொன்ன அந்த ஒரு பொய்யால் வந்தவை.